ஜான்ரோஸ் காருக்கு ஃபேன் வாங்கிய கதை

சத்தியபாய்க்குக் கோபம் வந்தால் அவள் கணவன் ஜான்ரோஸின் காரில் ரேடியேட்டர் கொதிக்கும். இன்ஜின் ஓட வேண்டும் என்றில்லை. சாவி வண்டியில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவள் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டே எதையாவது நினைத்துப் பல்லைக் கடித்தால் போதும், முற்றத்து ஷெட்டில் நின்ற வண்டியிலிருந்து முதலில் ஒரு முனகல் வரும், பிறகு மூடியின் ஓரத்தில் ஆவி கிளம்பும். 2004இல் ஓணம் கழிந்த வாரம் வண்டி மார்த்தாண்டத்துக்கு வடக்கே இருந்த அந்த ஊருக்கு வந்தது, மறுநாளே கொதித்தது. பக்கத்து வீட்டுப் பூங்கனி ஒரு மாதம் பார்த்துவிட்டு, கொதிக்கிற நேரமாகப் பார்த்து வாளியோடு வர ஆரம்பித்தாள். கொஞ்சம் துருவாடை உண்டு, மற்றபடி குளிக்க நல்ல வெந்நீர் என்று அவள் சொன்னாள். அந்த வருஷம் விறகு விலையும் கேஸ் விலையும் ஏறியிருந்தன.

கோபத்தின் காரணம் ஊருக்கே தெரியும், ஜான்ரோஸுக்கு மட்டும் தெரியாது. சத்தியபாயின் அப்பா மகளுக்கு ஸ்ரீதனமாக இரண்டு விளைகள், அதாவது இரண்டு தோட்ட நிலங்கள், கொடுத்தார்: மேலவிளையும் கீழவிளையும். அந்தப் பக்கத்து வழக்கப்படி பத்திரம் மாப்பிள்ளை பேரில் எழுதப்பட்டது. ஜான்ரோஸின் அக்கா ராஜபாய்தான் அதற்குக் குறியாக நின்றவள். பெண் பேரில் எழுதினாலென்ன, ஆண் பேரில் எழுதினாலென்ன, ரெண்டும் ஒரு குடிதானே என்றாள். ஒரு குடிதான். ஆனால் மஸ்கட்டில் பதினாறு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பிய ஜான்ரோஸுக்கு, மேலவிளையை விற்றபோது அந்தக் குடியில் இன்னொருத்தி இருப்பது நினைவுக்கு வரவில்லை. விற்று வாங்கியதுதான் இந்தக் கார். வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது. பீர்மேட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் கோழி அடைந்து கிடந்தது. இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது. வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டுகிற ஊருக்குக் கூரையில்லாத கார் வாங்கி வந்த அவன் புத்தியை என்னவென்று சொல்ல. மீதம் இருந்தது கீழவிளை. அதில்தான் சத்தியபாயின் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள், மயிலாடியில் கொத்திக் கொண்டுவந்த கருங்கல்லின் அடியில், கிணற்றுக்கு மேற்கே.

ஏசி மெக்கானிக்குக்கு உலகத்தில் எந்தச் சூட்டுக்கும் ஃபேன்தான் மருந்து. வண்டியோடு வந்த பழைய ஃபேன் இன்ஜின் பெல்ட்டில் சுற்றுவது. இன்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். நிற்கும்போதே கொதிக்கிற வண்டிக்குக் கரண்டில் ஓடுகிற ஃபேன் வேண்டும் என்று அவன் முடிவு செய்தான். பூங்கனி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “எரியுதத பிடுங்கினா கொதிக்குதது அடங்கும் அண்ணே, இதுக்கு எதுக்கு ஃபேனு” என்று சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் ஏறவில்லை. 2005இல் பழைய சாமான் கடையிலிருந்து ஏதோ ஒரு குட்டிக் காரின் பத்து இஞ்ச் ஃபேனைக் கொண்டுவந்து மாட்டினான். மேலவிளையில் ரப்பர் மரங்களை முறிக்கிற சத்தம் கேட்ட அன்று அதன் இறக்கைகள் எண்ணெயில் போட்ட அப்பளம்போல வளைந்து போயின. அடுத்த வருஷம் இரண்டு ஃபேன்களைப் பக்கம் பக்கமாக வைத்தான். பழைய டைனமோ அவ்வளவு கரண்டுக்கு எங்கே போகும்? பேட்டரி பொழுது விடிவதற்குள் செத்துப்போகும், சத்தியபாயின் கோபம் விடிந்த பிறகும் இருக்கும்.

அதன்பிறகு ஜான்ரோஸ் ஆராய்ச்சியில் இறங்கினான். முன்னால் நின்று காற்றைத் தள்ளுகிற ஃபேனா, பின்னால் நின்று இழுக்கிற ஃபேனா? பின்னாலிருந்து இழுப்பதுதான் மேல் என்று கோயம்புத்தூரில் ஒருவர் போனில் சொன்னார். ஆனால் பின்னால் தண்ணீர் பம்ப் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது, இடமில்லை. நேரான இறக்கைக்குக் காற்று அதிகம், வளைந்த இறக்கைக்குச் சத்தம் குறைவு. பன்னிரண்டு இஞ்ச் போதுமா, பதினாலு வேண்டுமா? ஜெபக்கூட்டத்திலும் இதே பேச்சு, சாவு வீட்டிலும் இதே பேச்சு. சத்தியபாய் எதிரிலேயே உட்கார்ந்து சோறு போட்டுக்கொண்டிருந்தாள். உனக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள், ஃபேன் செலவு மிச்சமாகியிருக்கும். கேட்கவில்லை. ஒருநாள் அவளுடைய தையல் டேப்பை எடுத்துப் போய் ரேடியேட்டரை அளந்துகொண்டிருந்தான்.

“ஓய், அது எனக்க தையல் டேப்பு. மேலவிளைய எடுத்தீரு, இப்ப இதயும் எடுத்தாச்சா?”

“ஏட்டி, நீ எதுக்கு சும்மா கிடந்து சூடாவுதே? பதினாலு இஞ்ச் வரட்டு, எல்லாம் செரியாவும்.”

தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மனிதன் ரேடியேட்டரைப் பார்த்துச் சொன்னான்.

2008இல் கீழவிளைக்கு ஆள் வந்தது. வாங்க வந்தவர் ஒரு நிபந்தனை போட்டார்: கல்லறையை எடுத்துத் தந்துவிட வேண்டும். அதற்கென்ன, எலும்புதானே, சபைக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றிவிடலாம் என்று ஜான்ரோஸ் தலையாட்டினான். காருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது, சீட்டுக்குத் தோல் வாங்க வேண்டியிருந்தது. அன்று ரேடியேட்டர் மூடி ஷெட்டின் தகரத்தைப் பொத்துக்கொண்டு மேலே போனது; மூன்றாம் நாள் இரண்டு மைல் தள்ளி ஒரு வாழைத்தோட்டத்தில் கிடைத்தது. சத்தியபாய் அழவில்லை. கல்லறையை எடுக்கிற அன்று தானும் அதில் ஏறிப் படுத்துக்கொள்வது என்று தீர்மானித்திருந்தாள். அதைத் தவிர அவள் கையில் வேறு எதுவும் இல்லை. பத்திரம் அவன் பேரில் இருந்தது, போலீசுக்குப் போனாலும் கோர்ட்டுக்குப் போனாலும் பத்திரத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

பதினாலு இஞ்ச் ஃபேன் அந்த மாதமே மஸ்கட்டிலிருந்து வந்து சேர்ந்தது. அதை மாட்டக் குளச்சலிலிருந்து ஏசுஅடிமை வந்தார். படகு இன்ஜின்களுக்கு வயரிங் செய்கிறவர், வாய் கொஞ்சம் நீளம். “கடல்ல ஓடுததுக்கே கரண்டு குடுத்தவன் நான், கரையில ஓடுத இந்தத் தகரத்துக்கா பயப்படப் போறேன்” என்று சொல்லிக்கொண்டே, எல்லா வண்டிக்கும் செய்வதுபோல மைனஸான கறுப்பு வயரை பாடியில் முறுக்கிவிட்டு, மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார். அந்தக் காலத்து துரைமார் கார்களில் பாடிக்குப் போவது மைனஸ் இல்லை, பிளஸ். இது அவருக்கும் தெரியாது, ஆராய்ச்சி செய்த ஜான்ரோஸுக்கும் தெரியாது. ஆகவே ஃபேன் தலைகீழாகச் சுற்றியது. வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டியது, உள்ளே கொதிக்கிற சூட்டையெல்லாம் வண்டிக்கு முன்னால் வாரி வீசியது. சூடு காட்டுகிற முள் இறங்கியதைப் பார்த்து ஜான்ரோஸ் ஸ்தோத்திரம் சொன்னான். சத்தியபாயின் கோபம் மட்டும் குறையவில்லை. இறைக்க இறைக்கக் கிணறு ஊறுவதுபோல ஊறிக்கொண்டிருந்தது.

வண்டிக்குப் புதிதாக எது செய்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, போதகரைக் கொண்டு ஜெபம் செய்விப்பது அந்தச் சபையின் வழக்கம். மறுநாள் திங்கட்கிழமை கீழவிளைப் பத்திரம் பதிவாக இருந்தது. அதற்கும் சேர்த்து ஒரு ஜெபம் ஆகட்டும் என்று ஜான்ரோஸ் நினைத்தான். குடும்பத்தோடு உட்கார்ந்தால்தான் ஆசீர்வாதம் என்று சொல்லி சத்தியபாயையும் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டான். வெள்ளைச் சேலை கட்டி, வேதப்புத்தகத்தை மடியில் வைத்து, நேரே பார்த்து உட்கார்ந்திருந்தாள். வண்டி சர்ச் வாசலைப் பார்த்து நின்றது. சபையார் படியிறங்கி வந்து முன்னால் கூடினார்கள். போதகர் கண்ணை மூடிக் கையை நீட்டியபோது முள் ஏறியது, ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

சூட்டுக்காற்று முகத்தில் அடித்ததும் போதகர் ஜெபத்தைப் பாதியில் நிறுத்திக் கண்ணைத் திறந்தார். காது சிவந்திருந்தது. “ஜான்ரோஸ், பெத்தவங்க எலும்பத் தோண்டப் போற வண்டிக்கா என்னை ஜெபம் செய்யச் சொன்னீர்?” என்று கேட்டார். அதுவரை கீழவிளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர் அவர். அடுத்த வரிசையில் நின்ற சபை மூப்பர்கள் முகம் துடைத்த கைலேஞ்சியை உதறிவிட்டு ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள். பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடும் பெண்கள், பதினாறு வருஷம் புருஷன் வெளிநாட்டில் கிடக்க அப்பனையும் அம்மையையும் தனியே புதைத்தவள் அவள் என்று, சத்தியபாய் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்கள். ராஜபாய்க்குக் காற்று நேராக நெஞ்சில் அடித்தது. “நான் சொல்லித்தானே இவனுக்க பேருல எழுதினது, எனக்க நாக்கு புழுத்துப் போவட்டு” என்றவள், வாசலில் கழற்றிக் கிடந்த செருப்புகளில் கையில் அகப்பட்டதை எடுத்துத் தம்பியின் மேல் எறிந்தாள்.

என்ன கோளாறு என்று பார்க்க ஜான்ரோஸ் இறங்கி முன்னால் வந்தான், குனிந்து ஃபேனுக்கு நேரே முகத்தை வைத்தான். நான்கு வருஷத்துக் காற்று அவன் முகத்தில் அடித்தது. மஸ்கட்டில் மொட்டை மாடியில் நடுவெயிலில் வேலை செய்தவன். இப்படியொரு சூட்டை அவன் கண்டதில்லை. மீசை கருகியது. மேலவிளையில் மரம் முறிந்த சத்தம் அவன் காதில் கேட்டது, அது எனக்க தையல் டேப்பு என்று அவள் சொன்னது கேட்டது, எலும்புதானே என்று தான் சொன்னது தன் குரலிலேயே கேட்டது. அவன் மனம் திருந்தினான் என்று யாரும் எழுத வேண்டாம். திருந்துவதில் ஒரு குளிர்ச்சி உண்டு. அவனுக்கு வந்தது கோபம், அச்சு அசலாக அவள் கோபம், தன்மேலேயே. சபையார் பார்க்கத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான், யாரும் தடுக்கவில்லை. சத்தியபாய் சீட்டில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவன் பதிவு அலுவலகத்துக்குப் போனான். வாங்க வந்தவரைக் கண்டபடி ஏசி அனுப்பிவிட்டு, கீழவிளையை சத்தியபாய் பேரில் எழுதினான். மேலவிளை போனது போனதுதான். அதை அவள் நினைக்கும்போதெல்லாம் ரேடியேட்டர் கொதித்தது. விஷயம் கேள்விப்பட்டு ஏசுஅடிமை ஓடி வந்தார்; வண்டியைப் புரட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, வயரை மாற்றிவிடுகிறேன் என்றார். “ஒரு வயரயும் தொடப்பிடாது அண்ணே, அது இப்பதான் செரியா சுத்துது” என்று சத்தியபாய் சொல்லி, சாயா கொடுத்து அனுப்பினாள். அடுத்த வருஷம் அவள் வண்டி ஓட்டப் படித்தாள். ரோடு போடாத பஞ்சாயத்துக்கு முன்னால் ஒரு முற்பகல் நிறுத்தினாள், ரோடு வந்தது. தன் மகளைத் திருப்பி அனுப்பிய சம்பந்தி வீட்டு முன்னால் நிறுத்தச் சொல்லிப் பூங்கனி கேட்டபோது, பெட்ரோல் மட்டும் போட்டுக்கொள் என்றாள்.

2011இல் ஜான்ரோஸுக்கு நெஞ்சில் அடைப்பு வந்தது. அந்தக் காற்று அடித்த நாளிலிருந்து அவன் உடம்பு சூடு தணியவே இல்லை. தொட்டால் காய்ச்சல்போல இருக்கும், காய்ச்சல் இல்லை என்று டாக்டர் சொல்வார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டான்.

“கீழவிளையில எனக்கும் ஒரு எடம் தருவியா பிள்ளே?”

நிலத்தின் சொந்தக்காரன் என்று எழுத்தில் இருந்தவன், ஆறடிக்குக் கேட்டு நின்றான். “பாக்கலாம்” என்றாள் அவள். அவன் அவளிடம் வருஷக்கணக்காகச் சொன்ன வார்த்தை அதுதான். ஓணத்துக்குக் கேட்டான், கிறிஸ்துமசுக்குக் கேட்டான். பாக்கலாம் என்றாள். அப்படிச் சொல்லும்போது அவளுக்கு நன்றாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. 2014இல், பதில் தெரியாமலே அவன் செத்துப்போனான்.

போதகர் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் காட்டினார். ராஜபாய் தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள், ஆனால் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கில்லை என்று அவளுக்குத் தெரியும். சத்தியபாய் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு கீழவிளைக்குத் தனியாக நடந்து போனாள். அப்பா அம்மாவின் கல்லுக்கு ஒட்டாமல், பத்தடி தள்ளி, நிழல் விழாத ஓரமாகப் பார்த்து, இங்கே வெட்டுங்கள் என்றாள். பிறகு மயிலாடிக்குப் போய்க் கல் சொன்னாள். பேர், பிறந்தது, மரித்தது எல்லாம் எழுதிக்கொண்ட சிற்பி, வசனம் என்ன போடட்டும் என்று கேட்டார். அவள் சொன்னதை அவர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். கல் வந்தபோது ஊரார் எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். ஜான்ரோஸ் என்ற பேருக்குக் கீழே, சத்தியபாயின் நிலத்தில், அவள் சம்மதத்தோடு, என்று கொத்தியிருந்தது.

அந்தக் கல் சூடாகவே இருக்கிறது. மிதுன மாதத்து அடைமழையில்கூட அதன்மேல் விழுகிற தண்ணீர் நிற்பதில்லை. மழைக்காலத்தில் ஜாதிபத்திரி உலர்த்துவது அந்தப் பக்கத்தில் பெரிய பாடு. பூசணம் பிடித்தால் கடைக்காரன் எடுக்கமாட்டான். சத்தியபாய் அந்தக் கல்லின்மேல் ஒரு சாக்கை விரித்து அதில்தான் ஜாதிபத்திரியைப் போடுகிறாள். ஒரே பகலில் காய்ந்துவிடுகிறது.