கேசட் ஓடி முடியும் வரை

...வால்யூம் குமிழை இன்னும் ஒரு மயிரிழை திருப்பலாமா, வேண்டாம், நேற்று நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைத் தொட்டுத்தான் கெடுத்தான், ஓடட்டும், இந்தச் சத்தம் சரியான சத்தம்தான்... டேப்ரிக்கார்டர் கீச்சென்று கத்த, டி.வி. திரையின் ஓரமெல்லாம் கோடுகள் துள்ள, ரஷீதுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாரிஸிலிருந்து மாமு மகன் கொண்டுவந்து கொடுத்த கம்ப்யூட்டர், சிலேட்டு அளவுகூட இல்லை, ரப்பர் பொத்தான்கள் வேறு, ஆனால் கேசட்டில் இருக்கும் புரோகிராம் முழுசாக உள்ளே ஏறினால்தான் அது வாயைத் திறக்கும், நடுவில் கரண்டு ஒரு கண் சிமிட்டினாலும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. மற்ற நாளென்றால் பரவாயில்லை, இன்று பச்சையப்பன் அல்லவா வந்திருக்கிறான்! பாகூரிலிருந்து, கட்டையை ஊன்றி, பஸ் ஏறி. கரும்பு டிராக்டர் கவிழ்ந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போனதிலிருந்து அவன் எங்கும் வந்ததில்லை, ரஷீத் போய்ப் பார்த்தாலும் நடையைப் பற்றிப் பேச்செடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இரண்டு பேருமாக வில்லியனூரிலிருந்து நாகூர் வரைக்கும் நடந்தே போனவர்கள், ஒரு தடவையா, வருஷா வருஷம். அந்த வழியைத்தான் ரஷீத் ராவும் பகலும் உட்கார்ந்து இந்தப் பெட்டிக்குள் ஏற்றியிருக்கிறான், பொத்தானை அழுத்தினால் திரையில் ஆள் நடப்பான், பச்சையப்பன் தன் விரலால் அழுத்தட்டும், மறுபடி நாகூருக்குப் போகட்டும், பழையபடி ஒரு தடவை சிரிக்கட்டும், அது போதும். ஆனால் அவனோ நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "நாலு மணி பஸ்ஸ புடிக்கணும்டா" என்று வந்ததிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

எதிர்ச்சாரி மாவு மில்லை நினைத்தால்தான் பயம். அது ஓட ஆரம்பித்தால் இந்தத் தெருவில் எல்லா பல்பும் அழுது வடியும், மில்காரர் சிவப்பிரகாசத்தின் கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டு வந்திருக்கிறான், கொஞ்ச நேரம் பெல்ட்டை மாட்டாதீங்கண்ணே என்று. அவர் சரி என்றார், மிளகாய்க் கூடையோடு நிற்கிற தையலம்மாள் சரி என்பாளா, அதோ அவள் குரல்தான், "அந்தப் பொட்டி பாட்டு பாடி முடிக்கறவரைக்கும் நாங்க இங்க காயணுமா?"... கத்தட்டும், கத்தட்டும், இன்னும் பாதிதான். அவன் பெண்டாட்டி நசீரா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாருங்கண்ணே, மொதல்ல புறா வளத்தாரு, அப்புறம் ரேடியோவ பிரிச்சிப் போட்டாரு, இப்ப இது. வூட்ல ஒரு மேஜ மிச்சமில்ல" என்று பச்சையப்பனிடம் முறையிட்டாள். சொல்லட்டும், தப்பில்லையே. பூட்டும் கீலும் விற்கிற கடை போதாதா ஒரு மனுஷனுக்கு, போதவில்லையே, சிற்றலையில் எங்கோ ஒரு நாட்டுக்காரன் புரியாத பாஷையில் செய்தி வாசிப்பதைக் கேட்டால் ஏன் இத்தனை சந்தோஷம், ஈயம் உருகும் வாசனை ஏன் அத்தர் மாதிரி இருக்கிறது? தூரம் என்றாலே அவனுக்கு ஒரு பைத்தியம், காலால் போனாலென்ன, காதால் போனாலென்ன... பச்சையப்பன் டீயைத் தொடவில்லை, கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கெடிலம் பாலத்தை நன்றாகப் போட்டிருக்கிறான், கடலூர் முதுநகரில் உப்புக் காற்றை எப்படிப் போடுவது, அதை விட்டுவிட்டான். சிதம்பரத்துக் கோபுரம் தூரத்திலேயே தெரிந்துவிடும், எவ்வளவு நடந்தாலும் கிட்டே வராது, அந்த வேடிக்கையைப் புரோகிராமில் கொண்டுவர ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டான், வந்துவிட்டது! அப்புறம் அந்த டீக்கடை... சிதம்பரம் தாண்டிக் குறுக்குவழி என்று வயலில் இறங்கி, வரப்பு வரப்பாகச் சுற்றி, வேர்த்து விறுவிறுத்து ரோட்டில் ஏறினால் காலையில் டீ குடித்த அதே கடை. கடைக்காரன் வாயெல்லாம் பல்லாக, "இன்னா பாய், அதுக்குள்ள நாகூர் பாத்துட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டானே, ரோட்டிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள், அதனால் திரையிலும் அந்தக் கடை இரண்டு தடவை வரும், பச்சையப்பன் கண்டுபிடிக்கிறானா பார்க்கலாம். கொள்ளிடத்துப் பாலம், உச்சி வெயில், கீழே மணல், மணலுக்கு நடுவில் ஒரே ஒரு கோடு தண்ணீர், எதையும் விடவில்லை, கண்ணை மூடினால் எல்லாம் அப்படியே வந்து நின்றது, இவ்வளவு ஞாபகம் தனக்கு இருக்கிறதா என்று அவனுக்கே ஆச்சரியம்... சத்தம் நின்றுவிட்டது. சட்டென்று நின்றுவிட்டது. போச்சா? கரண்டா? இல்லை, இல்லை, ஏறிவிட்டது, திரை வெளுத்து, ரோடு வந்து, ரோட்டில் குச்சி மாதிரி ஒரு ஆள் நிற்கிறான், யா அல்லா, நிற்கிறான்!

"அழுத்துடா, இத அழுத்து" என்று பச்சையப்பனின் விரலைப் பிடித்து ரப்பர் பொத்தானில் வைத்தான், ஆள் நடந்தான். காலை மாற்றி மாற்றி வைத்து, கையை வீசி, கெடிலத்தைத் தாண்டி, கோபுரம் தெரிய, கோபுரம் கிட்டே வராமல்... பச்சையப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். டீக்கடை வந்தது, தாண்டியது, மறுபடியும் அதே டீக்கடை வந்தது, ஒரு நொடி உற்றுப் பார்த்தவன், "அடப் பாவி!" என்று அடித்தொண்டையிலிருந்து சிரித்தான், அந்தச் சிரிப்பேதான், நசீரா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், ரஷீதுக்குத் தலைகால் புரியவில்லை, கண் கலங்கியதை மறைக்கவும் தோன்றவில்லை. மில் ஓட ஆரம்பித்து, படம் சுருங்கி நடுங்கியது, அணையவில்லை. நாலு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனதை பச்சையப்பன் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கொள்ளிடத்துப் பாலத்தின் நடுவில்தான் விரலை எடுத்தான்.

"எல்லாம் கீது. நடக்கறது நீ. நான் எங்கடா?"

மெமரி பத்தாது, ரெண்டு ஆள் போட்டா நின்னுடும் என்று வாய்வரை வந்தது, பொய், இடம் இருக்கிறது, அவனையும் போடத் தோன்றவே இல்லை... எப்படித் தோன்றாமல் போகும்? பச்சையப்பன் கோபமாகக் கேட்கவில்லை, அவனே பதிலும் சொன்னான், "நீ தான் எப்பவும் முன்னாடியே பூடுவியே. ஒன் முதுவதான் பாத்துக்கினு வந்தேன், நாகூர் வரைக்கும். நீ எங்க என்னப் பாத்த?" சொல்லிவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினான், ஆள் பாலத்தில் நடந்தான். சரி, இன்றைக்கே இன்னொரு ஆளைப் போட்டுவிடலாம், இதென்ன பெரிய வேலை, பின்னால் வருகிற மாதிரி, கொஞ்சம் உயரமாக, துண்டு கட்டி... பச்சையப்பன் சாப்பிடுவது தெரியும், தர்கா வாசலில் படுத்துக் குறட்டை விடுவது தெரியும், நடப்பது? கையை வீசுவானா, கட்டிக்கொள்வானா, குனிந்து வருவானா, எட்டி வைப்பானா? ரஷீத் எத்தனையோ தடவை கண்ணை மூடிப் பார்த்தான், ரோடு வந்தது, மரம் வந்தது, பின்னால் திரும்பினால் ஒன்றுமே இல்லை. நீ எப்படிடா நடப்ப என்று அவனிடமே கேட்கலாமா, கட்டையைச் சுவரில் சாத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறவனிடம், இப்போது போய் எப்படிக் கேட்பது...