மாமன் வராத கல்யாணம்

என் தம்பி ராஜலிங்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதற்காகத்தான் நான் குண்டசாலைக்குப் போனேன். மறுநாள் தெல்தோட்டையில் என் மகள் பத்மாவுக்குக் கல்யாணம். தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை. தாய்மாமன்தான் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வரவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலம் மாற்றிய அன்றே சொல்லிவிட்டார்கள். நானும் சும்மா இருந்தேனா? "எந் தம்பி கொழும்புல பெரிய ஆளு, கட்டாயம் வருவான்" என்று வாய் கிழியச் சொல்லிவிட்டு வந்தேன். அவனோ சித்திரை விடுமுறைக்கு ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு, வாத்தியங்களை ஏற்றிக்கொண்டு, தன் பாட்டுக் கோஷ்டியோடு கண்டிப் பக்கம் ஊர் ஊராகப் பாடித் திரிந்தான். குண்டசாலையில் ஒரு கார்னிவல், நாவலப்பிட்டியில் ஒரு மேடை, இரண்டுக்கும் நடுவில் என் வீட்டுக் கல்யாணம். நடுவில் இருப்பதைத்தான் அவன் நழுவ விடுவான் என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்து பார்க்கிறேனே.

எண்பத்தைந்தாம் ஆண்டு அது. கொழும்பில் தமிழ் வீடுகள் எரிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவன் பாடுவது சிங்களப் பாட்டு. மேடையில் அவன் பேர் ரஞ்சித். என் பேர் இரஞ்சிதம். அதில் வாலை வெட்டித் தனக்கு வைத்துக்கொண்டான், கள்ளன். அதற்கு நான் கோபப்பட்டதில்லை. பிழைப்புக்கு ஒரு பேர் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

குண்டசாலையில் அவர்கள் தங்கியிருந்த வீட்டைத் தேடிப் பிடித்தேன். முன் விறாந்தையில் கதிரைகளைப் போட்டு நாலைந்து பேர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ராஜலிங்கத்தின் முகம் செத்துப்போனது. நான் வாயைத் திறக்குமுன் அவன் எழுந்து வந்து மற்றவர்களைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னான்: "இது எங்கள் வீட்டில் சமைத்த இரஞ்சிதம். என்னைத் தூக்கி வளர்த்தவள்."

எனக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்தானோ என்னவோ. கல்யாணத்துக்கு முன் கண்டியில் சிங்களக் கடைக்காரர் வீடொன்றில் வேலை பார்த்தவள் நான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேடைக்கு முன்னால் இருக்கிற ஜனங்களிடம் மட்டுமல்ல, கூடப் பாடுகிறவர்களிடமும் அவன் தன்னைச் சிங்களவன் என்றே சொல்லி வைத்திருக்கிறான். தூக்கி வளர்த்தது உண்மைதான். அம்மா செத்த பிறகு சமைத்துப் போட்டதும் நான்தான். அதனால் பொய் சொன்னான் என்றும் சொல்ல முடியவில்லை.

கோஷ்டித் தலைவர் கித்சிறி என்பவர் கித்தார் வாசிக்கிறவர். தடித்த ஆள், பேச்சுக்குப் பேச்சு சிரிப்பு. எழுந்து தன் கதிரையை எனக்குத் தந்து, "உட்காருங்கள் அக்கே" என்றார். கூடப் பிறந்தவன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான், ஊர் பேர் தெரியாதவர் அக்கா என்கிறார். நாளைக்கு என் மகளுக்குக் கல்யாணம் என்று சொன்னதுதான் தாமதம், "ரஞ்சித்தை வளர்த்தவள் வீட்டுக் கல்யாணமா? அப்படியென்றால் எல்லாரும் போகிறோம். பந்தலில் வாசிக்கிறோம். பின்னேரம் அப்படியே நாவலப்பிட்டிக்கு இறங்கலாம்" என்று அவரே முடிவு கட்டிவிட்டார். ராஜலிங்கம் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

அன்றைக்கே கிளம்பிவிட்டோம். வேன்காரர் மக்கீன், கண்டி ஆள். "முன்னுக்கு ஏறுங்க அக்கா, பொறகால முழுக்க ட்ரம்தான் ஈக்குது" என்று எனக்கு இடம் தந்தார். பேராதனையில் துப்பாக்கியோடு நின்ற ஆமிக்காரர்கள் மறித்தார்கள். எனக்கு அடையாள அட்டை என்ற ஒன்றே கிடையாது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் பாதிப்பேருக்குக் கிடையாது. வேன் நிற்குமுன்பே கித்சிறி குதித்து இறங்கி, சிகரெட் பெட்டியை நீட்டி, நேற்றைய கார்னிவல் கதையைச் சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்துவிட்டார். வேன் கதவுப் பக்கம் ஒருவனும் வரவில்லை. "இவரு எப்பயும் இப்பிடித்தான். எங்க மறிச்சாலும் மொத ஆளா எறங்கிருவாரு" என்றார் மக்கீன். பெரிய மனுஷனுக்குப் பேச ஆள் வேண்டியிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வழியில், கலஹாவில் மற்றவர்கள் கடைக்குள் போனதும் வேனுக்குப் பின்னால் அவனை மடக்கினேன்.

"நான் ஒன் வீட்டு வேலைக்காரியாடா?"

"மெதுவா பேசு அக்கா."

"மெதுவாதான் கேக்குறேன். வேலைக்காரியா?"

அவன் கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "எண்பத்துமூணுல கித்சிறி வீட்லதான் இருந்தோம், பாட்டு பழகிக்கிட்டு. கும்பல் வந்துச்சு. உள்ள தமிழன் இருக்கானான்னு கேட்டாங்க. கித்சிறி மகளத் தூக்கி வச்சிக்கிட்டு வாசல்ல நின்னான். இல்லேன்னான். நம்பல. மக தலையில கைய வச்சி சத்தியம் பண்ணினான். அப்பறந்தான் போனாங்க. நான் உள் அறையில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

"அதுக்கு?"

"அவனுக்கு நான் யாருன்னு தெரியாது. தெரியாததுனாலதான் பண்ணினான். இப்பத் தெரிஞ்சா அது பொய்ச் சத்தியமாயிருமே அக்கா. பெத்த புள்ள தலையில அடிச்ச பொய்ச் சத்தியம். அந்தப் புள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் ஏம் மூஞ்சியத்தானே பாப்பான்?"

பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை யாரால் விளையாட்டாக எடுக்க முடியும்? ஆனாலும் எனக்கு என் பிள்ளை.

"சரி. அப்ப ஏம் புள்ளைக்கு மாமன் யாரு?"

"பாட்டுக்காரனா வர்றேனே அக்கா."

"பாட்டுக்காரன நான் கேக்கல" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

தெல்தோட்டை நான் வாக்கப்பட்டு வந்த தோட்டம். நாங்கள் பிறந்தது பொகவந்தலாவையில். என் தம்பியை இங்கே யாரும் பார்த்ததில்லை. தெரிந்த ஒரே ஆள் பெரியப்பா மகன் சின்னமுத்து. கல்யாணத்துக்கென்று பொகவந்தலாவையிலிருந்து வந்து, வந்த நேரத்திலிருந்தே கள்ளுத் தவறணையைச் சுற்றிக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தால் சோறு கிடையாது என்று அவனை மிரட்டி வைத்தேன். பத்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "மாமா வருவாரும்மா. பயந்துக்கிட்டாவது வருவாரு" என்றாள். எனக்கும் அந்த எண்ணம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

கல்யாணம் மாரியம்மன் கோயில் முன்பந்தலில். பாட்டுக் கோஷ்டி ஓர் ஓரத்தில் பெட்டிகளை அடுக்கி, கோயிலிலிருந்து கரண்ட் இழுத்து, அமர்க்களப்படுத்திவிட்டது. லயத்து வீட்டுப் பிள்ளைகள் ஆடித் தீர்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கிழவர்கள்கூடத் தாளம் போட்டார்கள். ராஜலிங்கம் நன்றாகத்தான் பாடினான். அவன் குரலைக் கேட்கக் கேட்க எனக்குக் கோபம் ஏறியது. இந்தக் குரல் இல்லாமல், கொழுந்து ஆய்கிறவனாகவே இருந்திருந்தால், இப்போது வேட்டியோடு என் பக்கத்தில் நின்றிருப்பான்.

பூசாரி தலையைத் தூக்கினார். "பொண்ண அழச்சிட்டு வரலாம். தாய்மாமன் வாங்க."

பாட்டு நின்றது. ட்ரம் நின்றது. கித்சிறி கித்தார்க் கம்பிமேல் கையை விரித்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் என் தம்பியைப் பார்த்தேன், பத்மாவும் பார்த்தாள். அவன் இரண்டு கையாலும் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஓர் அடி வைத்தால் போதும். வாடா என்று நெஞ்சுக்குள் கத்தினேன். அவன் தலை குனிந்தது, நிமிரவில்லை.

"மாமன் வரல்லியா?" என்று மாப்பிள்ளையின் தாய் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"அவனுக்கு வர ஏலாமப் போச்சி" என்றேன். "டேய் சின்னமுத்து, நீ வாடா."

சின்னமுத்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தான். பத்மா பாட்டுக்காரர்கள் பக்கம் இன்னொரு தரம் பார்த்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். தாலி ஏறியது. நான் அழுதேன், எல்லாரும் மகளுக்காக என்று நினைத்திருப்பார்கள். இனி இவன் என் வாசல் மிதிக்கக்கூடாது என்று அந்த நிமிஷமே முடிவு எடுத்தேன். பின்னேரம் வேன் ஏறுமுன், எல்லாருக்கும் முன்னால், தமிழில், தம்பி என்று கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டு அனுப்பவேண்டும் என்றும் நினைத்தேன். அவன் பிழைப்பு நாறினால் நாறட்டும்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது நான் பின்பக்கம் சோற்றுக் கிடாரத்தடியில் நின்றேன். கித்சிறி அங்கே வந்து விறகுக்கட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அவன் வரவில்லையே அக்கே" என்றார் சிங்களத்தில்.

"யார் மாத்தயா?"

"உங்கள் தம்பி."

என் கையிலிருந்த அகப்பை கிடாரத்துக்குள் விழுந்தது.

"அதற்காகத்தான் பாட்டை நிறுத்தினேன். மற்றப் பையன்களுக்கும் சொல்லி வைத்திருந்தேன். போவான் என்றுதான் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்களோடு சேர்ந்த வருஷமே அவன் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டேன். கீழே விழுந்து கிடந்தது. எடுத்துத் திரும்ப அவன் பையில் வைத்தேன். உங்களைக் கண்டதும் அவன் முகம் போன போக்கில் மிச்சமும் விளங்கிவிட்டது."

பேராதனையில் அவர் குதித்து இறங்கியது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உடனே மற்றதும் புரிந்தது. அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்படியானால் அந்தச் சத்தியம்..."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதையும் சொல்லிவிட்டானா? தெரிந்துதான் பண்ணினேன். வேறு என்ன சொன்னாலும் அவர்கள் உள்ளே போயிருப்பார்கள். என் மனைவி பின்னால்தான் நின்றாள். அவளுக்கும் தெரியும். அதன் பிறகு ரொம்ப நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. இப்போதும் பிள்ளை இருமினால் என்னைத்தான் பார்க்கிறாள். நானும் இரவில் எழுந்து பிள்ளை நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்."

"அவனிடம் ஏன் சொல்லவில்லை?" எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. "அவன் தினம் தினம் பயந்து சாகிறானே."

"சொன்னால் என் வீட்டுப் படி ஏறுவானா? என் மகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது அவன்தான். அவளுக்கு அவன் ரஞ்சித் மாமா. தனக்காக அவள் தலையில் பொய்ச் சத்தியம் பண்ணினேன் என்று தெரிந்த பிறகு அவள் முகத்தை அவனால் பார்க்க முடியுமா? பயம் பரவாயில்லை அக்கே. அது ஒரு நாள் போகும். இது போகாது."

இலை போட்டு அவருக்கு அங்கேயே சோறு வைத்தேன். விறகுக்கட்டையில் உட்கார்ந்தபடியே சாப்பிட்டார்.

பின்னேரம் வாத்தியங்களை ஏற்றினார்கள். ராஜலிங்கம் என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது. எல்லாரும் நின்றதால் சிங்களத்தில், "போய் வருகிறேன் இரஞ்சிதம்" என்றான். பிறகு வாய் அசையாமல் தமிழில், "கோவமா அக்கா?" என்று கேட்டான். அவனுக்குத் தெரியும்டா என்று ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் என் கோபம் ஆறியிருக்கும், அவன் பயமும் போயிருக்கும். ஆனால் நாவலப்பிட்டிக்குப் போகிற வழியெல்லாம் கித்சிறிக்குப் பக்கத்தில்தானே அவன் உட்காரவேண்டும்?

"பத்திரமாகப் போய் வாருங்கள் மாத்தயா" என்றேன், சிங்களத்தில், வேலைக்காரி ஐயாவுக்குச் சொல்வதுபோல. அவன் ஏறினான். நான் கித்சிறியிடம் போய், மகளின் பேர் என்ன என்று கேட்டேன். நிலூக்கா என்றார். இந்த வருஷம் இரண்டாம் வகுப்பாம்.

வேன் திருப்பத்தில் மறைந்ததும் கோயிலுக்குப் போனேன். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பூசாரி களைத்துப்போய் நடை சாத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நிறுத்தி, தேங்காயும் பழமும் வைத்து, ஓர் அர்ச்சனை செய்யச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டேன். தாயே, அந்த மனுஷன் சொன்னது பொய்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு ஏதும் தண்டனை உண்டென்றால் எங்கள் குடும்பத்துக்குக் கொடு, அந்தப் பிள்ளையைத் தொடாதே. இப்படித்தான் வேண்டினேன்.

"பொண்ணு மாப்ள பேருக்குத்தானே?" என்றார் பூசாரி.

"இல்லங்க. நிலூக்கா."

"என்னா பேரு இது? நட்சத்திரம்?"

"தெரியாதுங்க."

அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒனக்கு என்னா மொற வேணும்?"

"எந் தம்பி மக" என்றேன்.