விதைச்சாக்கில் முளைத்த கம்ப்யூட்டர்

1983 சித்திரையில், பாகூர் அமுதம் முளைகட்டி வைத்திருந்த விதைநெல் சாக்கில், நெல்லோடு சேர்ந்து ஒரு வீடியோ கேம் பெட்டியும் முளைவிட்டிருந்தது. டைப்ரைட்டரில் இருப்பதுபோல நாலு வரிசை, ஐம்பத்தாறு விசைகள். பால்பல் நிறம். தொட்டால் லேசாக அமுங்கின.

பெட்டி கடைத்தெரு கமருதீனுடையது. பிரான்சிலிருந்து அவர் மச்சான் கொண்டுவந்தது. கடை டிவியில் மாட்டினால் சதுரப் புள்ளி ஒன்று சுவருக்குச் சுவர் முட்டித் திரும்பும். எண்ணெய் வாங்க வந்த அமுதம் ஆடத் தொடங்கி, அவளை ஜெயிக்க ஊரில் ஆளில்லை என்றானது. ஒருநாள் பெட்டி செத்தது. பழைய இரும்புக்குப் போக இருந்ததை அவள் தூக்கிவந்து, உள்ளே குளிர் கண்டிருக்கும் என்று ஊறிய விதையோடு கட்டி, வைக்கோல் மூடி, கல் ஏற்றினாள். முளைகட்டும் நெல்லின் சூடு ஆளையே எழுப்பும்.

கமருதீன் பெரிதாக அசரவில்லை. கேம் பெட்டி செய்த கம்பெனிகளே இப்போது விசை வைத்து, வீட்டுக் கம்ப்யூட்டர் என்று விற்பதாக மச்சான் எழுதியிருந்தார். விசை எப்படி வந்தது என்று மட்டும் எழுதவில்லை.

அமுதத்துக்கு வேறு கவலை. முளைத்த விதையை அன்றே தெளிக்க வேண்டும். வீட்டில் வேறு விதை இல்லை. ஏரித்தண்ணீரில் அவர்கள் முறை பொழுது சாயும்வரைதான். அடுத்த முறைக்கு எட்டு நாள். ஏரி வற்றியிருந்ததால் தண்ணீர் மேல்மடைக்காரர் முத்துசாமி கழனியோடு நின்றுவிட்டது. கடைமடையில் அவள் புருஷன் அரங்கநாதன் காய்ந்த நாற்றங்காலில் உட்கார்ந்திருந்தான். அமுதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கமருதீன் கடைக்கு ஓடினாள்.

"பொட்டிய மாட்டு பாய்."

"தண்ணிக்கு அலையறப்போ இன்னா ஆட்டம், தங்கச்சி?"

"மாட்டு, சொல்றேன்."

விசையைத் தட்டினாள்; புள்ளி ஓரடி நகர்ந்தது. வாய்க்கால் போகும் தடம் அவள் காலுக்குத் தெரியும். விரலுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள்.

அங்கே கழனியில், நின்ற தண்ணீர் செங்கல் அளவில் சதுரம் சதுரமாக எழுந்து, வரப்பில் முட்டித் திரும்பி மேடேறியது. அந்தச் சதுரம் ஊரில் எல்லோரும் பார்த்ததுதான்.

"ஒம் பொண்டாட்டி அனுப்பறா போல கீது," என்றார் முத்துசாமி. "குந்திக்கினே இருந்தா எப்படி? மடையத் தொறடா."

பொழுது சாய்வதற்குள் நாற்றங்கால் நிறைந்தது. அமுதம் ஓடிவந்து விதை தெளித்தாள். முத்துசாமிக்கு ஒரே குறை, அவர் வரப்பு நாலு இடத்தில் மூலை மூலையாகப் பெயர்ந்துபோனது. அடுத்த முறைக்கு அமுதம் கடையில் போய் உட்கார்ந்தாள். அரங்கநாதன் மடையைச் சதுரமாக வெட்டினான்.