தலைகீழாய் நட்ட எலுமிச்சைப் புல்

எங்கள் புரிராம் ஊரில் மோட்டார் பைக் பந்தயம் நடக்கிற மூன்று நாளும் மழை வரக்கூடாது. அக்டோபரில் மழை வரும் என்றுதான் வானிலைக்காரர்கள் சொல்வார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பந்தயத் திடலின் பின்மதிலை ஒட்டிய எங்கள் சந்து அப்படியா? படுக்கை அறையை வெளியூர் ரசிகர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வாசலில் பாய் விரிக்கிறோம். சுட்ட கோழியும் ஒட்டும் அரிசிச் சோறும் வைத்து ஆளுக்கொரு கடை போடுகிறோம். ஒரு மழை அடித்தால் எல்லாம் மண்ணோடு மண். அதனால் சந்து வானிலைக்காரர்களை நம்புவதில்லை. சம்லியைத்தான் நம்புகிறது.

சம்லிக்கு இருபத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. கன்னிப்பெண் ஒருத்தி எலுமிச்சைப் புல்லைத் தலைகீழாக, வேர் வானத்தைப் பார்க்கும்படி மண்ணில் நட்டு வேண்டிக்கொண்டால் மழை ஒதுங்கிப் போகும். இது நாடறிந்த விஷயம். சந்தின் மற்ற பெண்கள் பாதிப்பேர் பாங்காக்குக்கு வேலைக்குப் போனார்கள், மீதிப்பேர் புருஷன் வீட்டுக்குப் போனார்கள். மிஞ்சியவள் சம்லி. மூன்று வருஷமாக அவள்தான் நடுகிறாள், மூன்று வருஷமும் பந்தயத்துக்கு ஒரு பொட்டு மழை இல்லை. ராசியான கை என்று சந்தே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

இதில் ஒரே ஒரு சிக்கல். போன வருஷம் நட்டபோதே சம்லிக்கு அந்தத் தகுதி போய்விட்டது. திடலில் விழுந்த பைக்குகளைத் தூக்கிவரும் வண்டியை ஓட்டுகிற தேச்சாவுக்கும் அவளுக்கும் அதற்கு முன்பே எல்லாம் ஆகிவிட்டிருந்தது. விவரம் வேண்டாம், படிப்பவர்கள் குழந்தைகள் இல்லை.

போன வருஷம் பயந்துகொண்டேதான் நட்டாள். வானம் பொத்துக்கொண்டு ஊற்றப்போகிறது, மானம் கப்பலேறப்போகிறது என்றே நினைத்தாள். ஆனால் மூன்று நாளும் வெயில் மண்டையைப் பிளந்தது. அன்றிலிருந்து ஒரு கேள்வி அவளை வண்டாகக் குடைந்துகொண்டே இருந்தது. ஏன் பெய்யவில்லை? வழக்கம் பொய்யா, இல்லை வானத்துக்கே விஷயம் தெரியவில்லையா?

இந்த வருஷம் கேள்வியோடு பயமும் சேர்ந்துகொண்டது. தேச்சாவின் அம்மா லமாய் பக்கத்து ஊரான சுரினிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். பந்தயம் முடிந்த திங்கட்கிழமை சம்லி வீட்டுக்கு வந்து பெண் கேட்பதாகப் பேச்சு. லமாய்க்கு நாள், நட்சத்திரம், சகுனம் எல்லாம் பார்க்க வேண்டும். தன் மகன் மட்டும் பால் மணம் மாறாத பிள்ளை என்று வேறு நம்பிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம், சந்தின் பெரிய மனிதரான பப்பாளிக்கடைப் பிராசோங் ஒரு கொத்து எலுமிச்சைப் புல்லோடு வந்தார். பின்னாலேயே பாதிச் சந்து. அவர்கள் தலைக்கு மேலே மேகம் சட்டிக்கரி மாதிரி கறுத்துக் கிடந்தது.

"இந்தாம்மா சம்லி, வானம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கு. உன் கையால ஒரு போடு போடு."

"இந்த வருஷம் வேற யாராவது நடட்டுமே பெரியப்பா. எனக்குத் திடல்ல வேலை இருக்கு."

"வேற யாரு? நான் நடவா? எனக்கு நாலு பேரப்புள்ளைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஐஸ் கடைப் பிகுன்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள். அறுபதைத் தாண்டியவள், இருந்தாலும் உதட்டுச் சாயம் இல்லாமல் வாசலுக்கு வரமாட்டாள். கல்யாணம் செய்துகொள்ளாமலே மூன்று ஆண்களை ஆண்டவள் என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஒரு விமானப்படைக்காரர், ஒரு குத்துச்சண்டை வீரர், ஒரு ரயில்வே கார்டு. காப்பி குடிக்கப் போனால் இந்த மூவரில் ஒருவர் கதையைக் கேட்காமல் எழுந்து வர முடியாது.

"என்கிட்ட குடுங்க, நான் நடறேன்," என்றாள் பிகுன்.

"நீ நட்டா வெள்ளம்தான் வரும். படகு வாங்க எங்கிட்ட வசதி இல்ல," என்றார் பிராசோங்.

லமாய் மட்டும் சிரிக்கவில்லை. சம்லியின் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே சொன்னாள்: "எங்க ஊர்ல ஒருத்தி நட்டாம்மா. கையில ஒட்டின மண்ணக் கழுவறதுக்குள்ள மழை கொட்டிருச்சு. பேசி வெச்ச கல்யாணம் அதோட நின்னு போச்சு. நீ நடு. நானும் பாத்த மாதிரி இருக்கும்."

மாட்டேன் என்றால் அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? சம்லி மண்ணைக் கிளறி, கொத்தைத் தலைகீழாக நட்டு, கைகூப்பினாள். 'வானமே, உனக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும் பெரிய மனசு பண்ணு' என்றுதான் அவளால் வேண்டிக்கொள்ள முடிந்தது. கூட்டத்தின் பின்னால் நின்ற தேச்சா தன் செருப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். தடியன், செய்வதையெல்லாம் செய்துவிட்டு.

வியாழன் விடிந்ததும் விடியாததுமாகச் சம்லி திடலுக்குக் கிளம்பினாள். அவளுக்கு அங்கே கொடி காட்டுகிற வேலை, மூன்றாம் வளைவில். போகிற வழியில் பிகுனின் கடைக்குப் பின்னால், தண்ணீர் ஜாடிகளுக்கு நடுவே யாரோ குந்தியிருப்பது தெரிந்தது. எட்டிப் பார்த்தாள். பிகுன்தான். முன்னால் மண்ணில் வேர் மேலே தெரிய ஒரு கொத்து எலுமிச்சைப் புல்.

"பெரியம்மா, என்ன பண்றீங்க?"

"முதுகு சொறியறேன். பாத்தாத் தெரியலையா?"

"ஐயையோ, நீங்க நடலாமா? அந்த மூணு பேரு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். உதட்டுச் சாயம் இல்லாத அந்த முகத்தை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள். வெட்கப்படுகிற முகமாக இருந்தது.

"போன வருஷமும் நட்டீங்களா?"

பிகுன் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "போன வருஷம் உன் தேச்சா விடியக்காலைல இங்க வந்து ஐஸ் காப்பி குடிச்சான். சட்டப் பையில உன் தலைக் கிளிப்பு. மறுநாளே நீ போய் நடற. நான் கையக் கட்டிக்கிட்டு நிக்க முடியுமா?"

சம்லிக்கு ஒரு வருஷக் குடைச்சல் அந்த நொடியில் தீர்ந்தது. ஆனால் ஒரு கேள்வி போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

"அப்ப அந்த விமானப்படைக்காரரு?"

"ஒரே ஒரு நாள் இங்க உக்காந்து காப்பி குடிச்சாரு. நல்ல மனுஷன், காசு குடுத்துட்டுப் போனாரு."

"குத்துச்சண்டைக்காரரு?"

"சுவரொட்டியில பாத்தது."

"ரயில்வே கார்டு?"

பிகுன் ஒரு ஜாடியின் மூடியைச் சரிசெய்தாள். "அவரு இருந்தாரு. உன்னை மாதிரிதான், கொடி காட்டுவாரு. ரயிலு இந்த ஊர்ல ரொம்ப நேரம் நிக்காதே."

"அப்புறம் எதுக்குப் பெரியம்மா இந்தக் கதையெல்லாம்?"

"நாப்பது வயசு வரைக்கும் கல்யாணமாகலைன்னா எல்லாரும் 'ஐயோ பாவம்'பாங்க. கெட்டவள்னு சொன்னாத் தாங்கிக்கலாம்டி. ஐயோ பாவத்த யாரு தாங்கறது? இது மட்டும் வெளிய போச்சு, உன் நாக்க அறுத்து ஐஸ்ல போட்டுருவேன்."

அப்போது சனோங்கின் ஐஸ் லாரி சந்துக்குள் திரும்பியது. பிகுன் அவசரமாக உள்ளே ஓடினாள். உதட்டுச் சாயம் பூசத்தான். முன்பெல்லாம் சனோங் ஐந்து நிமிஷத்தில் ஐஸ் கட்டிகளை இறக்கிவிட்டுப் போய்விடுவார். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதர், வயதும் ஆகிவிட்டது. இப்போதெல்லாம் வெயில் ஏறும்வரை லாரி அங்கேயே நிற்கிறது. முட்டிவலியாக இருக்கும் என்று சந்து பரிதாபப்பட்டது.

சம்லி அன்று முழுக்க மிதந்தாள். தான் நட்டது செல்லாக் காசாக இருக்கலாம், ஜாடிக்குப் பின்னால் இருப்பது சொக்கத் தங்கம். இனி என்ன பயம்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் பயிற்சி ஓட்டம். எங்கள் சந்து மூன்றாம் வளைவுக்குப் பின்னாலிருக்கும் புல்மேட்டில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. லமாய் முன்வரிசையில். பைக்குகள் நேர்பாதையில் சீறிக்கொண்டு வந்து வளைவில் முழங்கால் தரையில் உரசப் படுத்து எழுந்தன. ஞாயிற்றுக்கிழமை யார் ஜெயிப்பான் என்று மேட்டில் வாய்ச்சண்டை நடந்தது.

சம்லியின் புறங்கழுத்தில் ஏதோ சில்லென்று பட்டது. வியர்வையாக இருக்கட்டும் என்று நினைத்தாள். அடுத்தது கைமேல் விழுந்தது. வியர்வை வானத்திலிருந்து விழாது.

தூறல் விழுந்த வளைவில் நிற்பவர்கள் உடனே ஒரு கொடியைக் காட்ட வேண்டும். வெள்ளைத் துணியில் சிவப்புப் பெருக்கல் குறி. அதைப் பார்த்துத்தான் வருகிறவன் வேகத்தைக் குறைப்பான். வேறு யாருடைய வளைவிலும் இன்னும் கொடி எழவில்லை. மழை வந்துவிட்டது என்பதை முதலில் ஊருக்குச் சொல்ல வேண்டியவள் சம்லி. சொன்னால் திங்கட்கிழமை இல்லை. அவள் தயங்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் தூரத்தில் அடுத்த பைக்கின் சத்தம் கேட்டதும், அதன்மேல் இருப்பவனும் ஒருத்தி பெற்ற பிள்ளை என்பது நினைவுக்கு வந்தது. கொடியை எடுத்துத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தாள்.

வந்தவன் வேகத்தைக் குறைத்து, வளைவை மெதுவாகக் கடந்து போனான். தூறல் மழையானது. பைக்குகள் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குத் திரும்ப, திடலே ஓய்ந்து போனது. அந்த அமைதியில் சம்லி மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். சந்து முழுவதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. லமாய் வானத்தைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், பிறகு சம்லியைப் பார்த்தாள். சம்லிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"எல்லாரும் எதுக்கு அந்தப் பொண்ணையே மொறைக்கறீங்க?" பிகுனின் குரல். எழுந்து நின்று இடுப்பில் கைவைத்திருந்தாள். "இது நான் பண்ணின வேலை. ஜாடிக்குப் பின்னாடி நானும் ஒரு கொத்து நட்டு வெச்சேன்."

"நீயா?" பிராசோங் துள்ளி எழுந்தார். "அடிப்பாவி, உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"கை அரிச்சுது, நட்டேன். விமானப்படை, குத்துச்சண்டை, ரயில்வே மூணும் சேந்து பெய்யுது. போய்க் குடைய எடுத்துட்டு வாங்க."

மேடே குலுங்கிச் சிரித்தது. லமாய்கூட முந்திக்கொண்டு சிரித்தாள். "அந்தப் பொண்ணு பாவம், ஒழுங்கா நட்டதையும் இந்தக் கெழவி கெடுத்துட்டாளே," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். பிராசோங் ஓடிப்போய் ஜாடிக்குப் பின்னாலிருந்த கொத்தைப் பிடுங்கி எறிந்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. அதற்கப்புறம் சம்லியின் கையைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?

சாயங்காலம் சம்லி ஐஸ் கடைக்குப் போனாள். பிகுனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"எல்லாரும் உங்களப் பாத்துச் சிரிச்சாங்களே பெரியம்மா."

"சிரிக்கட்டும். இத்தன வருஷமா வாய் வலிக்கக் கதை சொன்னேன். இன்னிக்குத்தான் அது ஒருத்திக்கு உதவிச்சு." பிகுன் ஒரு டம்ளர் காப்பியை அவள் பக்கம் தள்ளினாள். "குடி. திங்கட்கிழமைக்கு நல்ல துணி இருக்கா?"

சம்லி குடித்தாள். பாதி டம்ளரில் அந்த வண்டு மறுபடி குடைய ஆரம்பித்தது.

"பெரியம்மா, என்னுது சரி. உங்க கொத்துதான் இருந்துச்சே. அப்புறம் எப்படிப் பெஞ்சுது?"

பிகுன் ஐஸ் கட்டியை மரச் சுத்தியலால் தட்டினாள். தேவைக்கு மேலேயே தட்டினாள். சம்லியின் கண் கடையைச் சுற்றி வந்து, உள்கதவுக்குப் பக்கத்து ஆணியில் நின்றது. அதில் சனோங்கின் தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது.

"போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் நடுவுல நெறைய நாள் இருக்குடி," என்றாள் பிகுன், தலையைத் தூக்காமலே.

சம்லி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையையும் மீறிச் சிரிப்பு வந்தது. பிகுனுக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்து ஓய்ந்தபோது வெளியே பிராசோங் புதிதாக ஒரு கொத்து எலுமிச்சைப் புல்லோடு வந்துகொண்டிருந்தார். கிழக்கே மேகம் மறுபடி திரண்டிருந்தது.

"பெரியம்மா," என்றாள் சம்லி மெதுவாக. "அப்ப ஞாயித்துக்கெழமைக்கு யாரு நடறது?"