தள்ளச் சொன்னால் பெண் கிடையாது

வேல்முருகனின் காதலுக்கு வில்லன் ஜாதகம் இல்லை, செல்ஃப் மோட்டார்.

அவனுடைய பழைய டீசல் கார் வேப்பந்தட்டையில் வாடகைக்கு ஓடியது. ஓடியது என்பது மரியாதைக்கு. பாதி நேரம் பயணிகள்தான் ஓடினார்கள், பின்னால் கைவைத்துத் தள்ளிக்கொண்டு. அப்படித் தள்ளியவர்களில் ஒருவர் அரியலூர் இளையபெருமாள். வாலிகண்டபுரம் கோயில் வாசலில் சலவை வேட்டியோடு சேற்றில் விழுந்து எழுந்தவர். பெரம்பலூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கல்லாவில் இருக்கும் வேணி அவருடைய மகள் என்பது வேல்முருகனுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் காதல் டாப் கியரில் போய்க்கொண்டிருந்தது.

இளையபெருமாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "வெள்ளிக்கெழம கடைக்கு வரேன். சாவியத் திருப்புனா வண்டி கெளம்பணும். தள்ளச் சொன்னா பொண்ணு கெடையாது."

வேல்முருகன் மாற்றாத சாமான் பாக்கியில்லை. செல்ஃப் மோட்டார், ரிலே, ஹீட்டர் பிளக் எல்லாம் வேணி கையால் வாங்கியவை. இப்போது பேட்டரியும் புதுசு.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல வண்டிக்குப் பூஜை போட்டான். தெருவே தள்ளிவிட, கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி இன்ஜினை அணைத்தான். இளையபெருமாள் முன்சீட்டில் ஏறினார்.

சாவி திரும்பியது. 'டக்'. மறுபடியும் 'டக்'.

"கேட்டுச்சா தம்பி? கல்யாணம் நின்ன சத்தம் அது." கதவைத் திறந்தார்.

"செத்த இருங்கப்பா." வேணி ஸ்பேனரும் உப்புத்தாளுமாக இறங்கி வந்து பானெட்டைத் தூக்கினாள். உள்ளே ஒவ்வொரு சாமானும் பொட்டு வைத்துக்கொண்டு அம்மன் மாதிரி ஜொலித்தது. பேட்டரியில் மாட்டியிருந்த ஒயர்களைக் கழற்றினாள். அடியில் இரண்டு முனையிலும் சந்தனம், ஓடாகக் காய்ந்திருந்தது.

"வாராவாரம் கழட்டி, சந்தனத்த அப்பி, அதுமேலயே முடுக்குறீங்க. கரண்டு எந்தப் பக்கமா போவும்?"

"சாமி காரியம் வேணி..."

"சாமிக்கு நெத்தி இருக்கு. பேட்டரிக்கு இருக்கா?"

தேய்த்தாள், முடுக்கினாள், அவளே சாவியைத் திருப்பினாள். கார் உறுமிய உறுமலில் டீக்கடை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

வேல்முருகனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. "உனக்கு எப்பத் தெரியும் இது?"

"மொத நாளே. பானெட்டத் தொறந்து காட்டுனீங்களே."

"அப்பறம் ஏன் செல்ஃபு, ரிலேன்னு ஒண்ணொண்ணா குடுத்த?"

"அன்னிக்கே சொல்லிருந்தா மறுபடி கடப் பக்கம் வந்துருப்பீங்களா?"

இளையபெருமாள் மகளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

"வண்டிய எடுங்க மாப்ள. இவகிட்ட இம்புட்டு நாளா ஏமாந்த ஆளு, வேற எங்க போயும் பொழைக்க மாட்டீங்க."