பெரியம்மாவின் முடிச்சு

மழலையர் வகுப்புக்கு வெளியே, வராண்டாச் சுவரை ஒட்டி, முழங்கால் உயரத்தில் ஒரு நீள பெஞ்சு. அதன் அடியில் பதினான்கு சின்னத் தடுப்புகள். தடுப்புக்கு ஒரு ஜோடி கறுப்பு ஷூ. தினமும் ஒன்பது நாற்பதுக்கு, மைதானத்துக்குப் போவதற்காகப் பதினான்கு பிள்ளைகளும் அங்கே வந்து உட்காருவார்கள். அவரவர் ஷூவை அவரவரே மாட்டிக்கொள்ள வேண்டும், நாடாவையும் அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் கை படக்கூடாது. டீச்சர் பக்கத்தில் நிற்பாள், வாயைத் திறக்க மாட்டாள். எல்லோரும் முடிக்க இருபது நிமிடம் ஆகும். மழைநாளில் அரை மணி.

பதினோரு வருடமாக இது நடக்கிறது. இனி நடக்காது போலிருந்தது. நாடாவுக்குப் பதில் ஒட்டுப்பட்டி வைத்த ஷூக்களுக்கான ஆர்டர் படிவம், தலைமையாசிரியரின் மேசையில் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது.

"நானும் எத்தனையோ நாள் நின்னு பார்த்துட்டேம்மா," என்றார் அவர், விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம். "பிள்ளைங்க நாடாவைப் பார்க்குது, நீங்க பிள்ளைங்களைப் பார்க்கறீங்க. வேற ஒண்ணும் நடக்கல. ஷூ மாட்டுறதுக்கா பள்ளிக்கூடம் அனுப்பறோம்னு பெத்தவங்க கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

"ஆமான்னு சொல்லுங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு வெளிநாட்டுல இருந்து அஞ்சு பேர் வர்றாங்க. அவங்க பள்ளிக்கூடமும் நம்மளும் கைகோக்கப் போறோம். சின்னப் பிள்ளைங்களை நீங்க வழிவழியா எப்படி வளர்க்கறீங்கன்னு பார்க்கணும்னு எழுதியிருக்காங்க. மேடையில டான்ஸ் வச்சிருக்கோம். சரியா பத்து மணிக்குப் பாட்டு. அதுக்குள்ள உங்க பதினாலு பேரும் மைதானத்துல நிக்கணும். ரெண்டு ஆயாவை அனுப்பறேன். அஞ்சு நிமிஷ வேலை."

"ஆயா வேணாம் சார். பத்து மணிக்குள்ள அவங்களே கட்டிக்கிட்டு வந்துருவாங்க."

"வரலைன்னா?"

டீச்சரிடம் கேள்வி கேட்டால் அது கிணற்றில் போட்ட கல்தான். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் இது பழகிப்போயிருந்தது. தலைமையாசிரியர் பேனாவை இரண்டு முறை திறந்து மூடினார்.

"வரலைன்னா அதுல கையெழுத்துப் போட்டுடுங்க," என்றாள் டீச்சர்.

வராண்டாவில் ஆயா வழிமறித்தாள். "வருஷம் பூரா வாயைத் திறக்க மாட்டீங்க. திறந்தா பந்தயம் கட்டிட்டு வர்றீங்க. பெரியம்மாவை மறந்துட்டீங்களா டீச்சர்?"

மறக்கவில்லை. பெரியம்மாவுக்கு நாலரை வயது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வகுப்பை வலம் வருவாள். "மூக்கைத் துடை, நல்லாவா இருக்கு?" என்று ஒருவனிடம் சொல்வாள், "சாப்பிட்டியா, ஒழுங்கா சாப்பிட்டியா?" என்று இன்னொருத்தியிடம் விசாரிப்பாள். பெயர் வைத்தது ஆயாதான். மற்ற பதின்மூன்று பேருக்கும் முடிச்சு வசப்பட்டு இரண்டு மூன்று மாதம் ஆகிவிட்டது. பெரியம்மா இதுவரை ஒருமுறைகூடக் கட்டி முடித்ததில்லை. நாடாவின் நுனிகளை ஷூவுக்குள் திணித்துக்கொண்டு, "நாளைக்குக் கட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவாள். யாராவது உதவிக்குக் குனிந்தால் காலை இழுத்துக்கொள்வாள்.

மறுநாள் ஒன்பது நாற்பதுக்கு விருந்தாளிகள் ஐந்து பேரும் வராண்டாவில் நின்றார்கள். அவர்களின் தலைவி, நரைத்த முடியை ஒட்ட வெட்டிய உயரமான பெண்மணி, அவர்கள் நாட்டில் மழலையர் பள்ளியை நடத்துபவர். கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர். அவர் வழக்கமாகத் தண்ணீர் மோட்டார் கம்பெனிக்குப் பேசுகிறவராம். வந்ததுமே டீச்சரிடம், "குழந்தைங்க விஷயம் எனக்குப் புதுசு மேடம், தப்பாச் சொன்னா கண்டுக்காதீங்க" என்று சொல்லி வைத்திருந்தார்.

பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். துளைகளில் நாடா உரசும் சத்தம். மூச்சுச் சத்தம். ஒருவன் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு இழுத்தான். இந்த அமைதி டீச்சருக்கு மிகவும் பிடித்தது. வேலை நடக்கும் அமைதி. இன்று அதற்குள் தலைமையாசிரியரின் கைக்கடிகாரமும் கேட்பதுபோல் இருந்தது.

"தாமதத்துக்குக் காரணம் என்னவென்று கேட்கிறார்கள்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"தாமதம் இல்லை. இதுதான் பாடம்," என்றாள் டீச்சர்.

அவர் அதைச் சொன்னார். தலைவி தலையசைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

ஒன்பது நாற்பத்தாறுக்கு முதல் பிள்ளை எழுந்து மைதானத்துக்கு ஓடினான். பிறகு இருவர். பிறகு ஒரே கொத்தாக ஐந்து பேர். ஒன்பது ஐம்பத்து மூன்றுக்குப் பதின்மூன்று பேரும் போய்விட்டார்கள். பெஞ்சில் பெரியம்மா மட்டும்.

அப்போதுதான் டீச்சர் கவனித்தாள். இடது ஷூவில் ஒரு முடிச்சு இருந்தது. கோணலாக, ஒரு வளையம் பெரிதாக, மறு வளையம் சுண்டைக்காய் அளவில்; ஆனாலும் முடிச்சு. பெரியம்மா வாழ்க்கையில் கட்டிய முதல் முடிச்சு. ஆயாவும் பார்த்துவிட்டாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

வலது ஷூ மீதி. வளையம் நழுவியது. மறுபடி வளையம், ஒரு சுற்று, சந்துக்குள் நுழைப்பதற்குள் நழுவியது. மூன்றாம் முறையும் அப்படியே. ஒன்பது ஐம்பத்தெட்டு.

தலைவி முன்னால் வந்து தரையில் மண்டியிட்டார். பெரியம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். யாரும் தடுப்பதற்குள் விரல்கள் இரண்டு சுழற்று சுழற்றின. அழகான, அச்சடித்ததுபோன்ற முடிச்சு.

"அப்பாடா," என்றார் தலைமையாசிரியர்.

ஒன்பது ஐம்பத்தொன்பது. பெரியம்மா எழுந்து நடந்தால் போதும். ஆயா கண்ணாலேயே கெஞ்சினாள்: விட்டுடுங்க டீச்சர், யாரும் கேக்கப்போறதில்ல. விருந்தாளி கட்டியதற்கு யார் என்ன சொல்வார்கள்? பதினோரு வருடம் பிழைத்துக்கொள்ளும். ஒரு வார்த்தை போதும்: வா கண்ணு, போகலாம். டீச்சரின் உதட்டு நுனிவரை அது வந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

பெரியம்மா புது முடிச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு நுனியைப் பிடித்து இழுத்தாள். அவிழ்ந்துபோயிற்று.

"நல்லாத்தான் கட்டினீங்க," என்றாள் தலைவியிடம், மரியாதையாக. "ஆனா இது உங்க முடிச்சு."

"அதைச் சொல்லாதீங்க," என்றார் தலைமையாசிரியர் அவசரமாக.

"சொல்லிட்டேனே சார்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

தலைவி எழுந்திருக்கவில்லை. மண்டியிட்ட இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடிக்குள் வைத்துக்கொண்டார்.

மேடையில் பாட்டு தொடங்கியது. யாரும் அசையவில்லை. பாட்டு நின்று மறுபடி முதலிலிருந்து ஒலித்தது. வளையம் நழுவியது. மறுபடி. ஆறாவது முறையோ ஏழாவது முறையோ, நாடா சந்துக்குள் நுழைந்து மறுபக்கம் எட்டிப்பார்த்தது. பெரியம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். நின்றது.

பத்து மணி ஏழு நிமிடம்.

அவள் எழுந்து, தரையில் உட்கார்ந்திருந்த தலைவியைப் பார்த்து, "இப்ப வாங்க, போகலாம்," என்றாள். பதிலுக்குக் காத்திராமல் மைதானத்துக்கு ஓடினாள்.

பிறகு தலைவி பேசினார். மொழிபெயர்ப்பாளர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "எங்கள் பள்ளியில் ஆசிரியை மண்டியிட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் நாடா கட்டிவிடுவார். நெடுநாள் வழக்கம். அந்த ஒரு நிமிடம் அந்தப் பிள்ளைக்கு மட்டுமே உரியது. அதைவிடப் பெரிய அன்பு இல்லை என்று நினைத்திருந்தோம். இன்று ஒரு பிள்ளை அதை அவிழ்த்துக் கையில் கொடுத்துவிட்டது. இப்படிக் காத்திருக்க உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?"

கேள்வி தலைமையாசிரியரிடம் வந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"இது எங்க பள்ளிக்கூடத்து வழக்கங்க. பதினோரு வருஷமா ஒருநாள் நிறுத்தினதில்ல. நிறுத்தவும் மாட்டோம்."

ஆயாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

விருந்தாளிகள் மைதானத்தின் பக்கம் நகர்ந்ததும் டீச்சர் தலைமையாசிரியர் அருகில் போனாள். "சார், பத்து ஏழு ஆயிடுச்சு. நான் தோத்துட்டேன். படிவத்துல..."

"என் மானத்தை வாங்காதீங்கம்மா. இப்பத்தான் நிறுத்த மாட்டோம்னு சொல்லியிருக்கேன். அதையும் அந்த ஆளு மொழிபெயர்த்துட்டான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ அவுத்தப்போ போச்சுடான்னு நினைச்சேன். கட்டினப்போ..." படிவத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். கையோடு கொண்டுவந்திருந்தார் போலும். நான்காகக் கிழித்து ஆயாவிடம் நீட்டினார். "இதைக் குப்பையில போடு. டான்ஸ் வேணாமாம் அவங்களுக்கு. நாளைக்கும் ஒன்பது நாற்பதுக்கு அஞ்சு பேரும் வர்றாங்களாம்."

"வரட்டும் சார். நானும் நாளையிலிருந்து கீழதான் உக்காரப்போறேன்."

"எதுக்கு?"

இந்த முறை அவள் யோசிக்காமலே சொன்னாள். "பதினோரு வருஷமா நின்னுக்கிட்டு உச்சந்தலையைத்தான் பார்த்திருக்கேன். அந்தம்மா கீழ இருந்து முகத்தைப் பார்த்தாங்க."

அவள் மைதானத்துக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. பதினான்கு பேரும் திக்குக்கொருவராக ஓடிக்கொண்டிருந்தார்கள். பத்தரை மணிக்குள் மூன்று நாடாக்கள் அவிழ்ந்தன. மூன்று பேரும் ஆங்காங்கே மண்ணில் உட்கார்ந்தார்கள், கட்டிக்கொண்டார்கள், எழுந்து ஓடினார்கள். ஒருவரும் டீச்சரைக் கூப்பிடவில்லை.