ரெண்டாவது வாழைப்பழம்

புருஷன் நாளுக்கு நாள் சோர்ந்து வருவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். லிப்ட் பழுதுபார்க்கிற வேலை அவருக்கு. உயரமான கட்டடங்களில் இரும்பு ஏணியைப் பிடித்துத் தாவி ஏறுகிற ஆள், இப்போது வீட்டு மாடிப்படிக்கே மூச்சு வாங்கினார். கேட்டால், "வயசாகுதில்ல" என்று சிரித்து மழுப்புவார். ஐம்பதைத் தொடாதவருக்கு என்ன பெரிய வயசு?

அவள் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் கைபேசியில் ஓடவிடும் வீடியோக்களில் ஒருநாள் ஸ்மூத்தி வந்தது. பழத்தையும் கீரையையும் பச்சையாக அரைத்துக் குடித்தால் எழுந்திருக்க முடியாதவன்கூட எழுந்து ஓடுவான் என்றாள் அதில் வந்தவள். மறுநாளே அவள் வாழைப்பழம், ஆரஞ்சு, ஒரு கைப்பிடி பசலைக்கீரை, கொஞ்சம் பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு ஓட்டினாள்.

பச்சையாக நுரைத்து நின்ற தம்ளரைப் பார்த்து அவர், "என்ன டாக்டரம்மா, இது குடிக்கவா, சுவத்துக்கு அடிக்கவா?" என்றார்.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிங்க. வாய்க்குப் பிடிக்காததுதான் உடம்புக்குப் பிடிக்கும்."

குடித்தார். தினமும் குடித்தார். இரண்டு தடவை மட்டும், "இன்னிக்கு வேணாமே" என்று இழுத்தார். அவள் முகம் தொங்கிப் போனதும் பேசாமல் தம்ளரை வாங்கிக்கொண்டார். ஆனாலும் சோர்வு போனபாடில்லை. கால் மரத்துப்போகிறது என்றார். பத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவள் இன்னொரு வாழைப்பழத்தையும் உரித்துப் போட்டாள்.

ஒருநாள் காலை கடைக்குப் போன் வந்தது. அவரோடு ஜோடியாக வேலை பார்ப்பவன்; எல்லோருக்கும் அவன் 'நெட்டை'. "அண்ணி, பதறாதீங்க. அண்ணன் ஏணியில நின்னுக்கிட்டிருந்தவர் அப்படியே சரிஞ்சிட்டார். பெல்ட் போட்டிருந்ததால பொழச்சார். ஆஸ்பத்திரியில இருக்கோம்."

அவள் போய்ச் சேர்ந்தபோது அவரைச் சுற்றி ஒரே ஒயர்கள். இளம் வயது டாக்டரம்மா வெளியே வந்தாள்.

"ரத்தத்துல பொட்டாசியம் ஏகத்துக்கு ஏறிப் போயிருக்கு. இதயத் துடிப்பு குறைஞ்சிருச்சு. மருந்து கொடுத்திருக்கோம். வீட்ல என்ன சாப்பிடறார்?"

அந்த நிலையிலும் அவளுக்குச் சொல்வதற்கு ஒரு நல்ல விஷயம் இருந்தது. "சாப்பாட்டுல குறையே வைக்கலை டாக்டர். தினமும் நானே ஸ்மூத்தி அடிச்சுத் தர்றேன். ரெண்டு வாழைப்பழம், ஆரஞ்சு, கீரை..."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "கிட்னி இவ்வளவு பழுதாகியிருக்கும்போதா?"

"யாருக்குக் கிட்னி?"

டாக்டர் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள். நல்ல உடம்புக்கு அளவோடு குடித்தால் அது ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தப் பழத்திலும் கீரையிலும் நிறைய இருக்கிற பொட்டாசியத்தை இவருடைய சிறுநீரகத்தால் வெளியே தள்ள முடியாது. கேட்டுக்கொண்டிருந்தவள் நெட்டையைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"வெளியில ஒரு டாக்டர்கிட்ட நாங்க செக்கப் போனப்பவே சொன்னாங்க அண்ணி. வாழைப்பழம், கீரையெல்லாம் தொடாதீங்கன்னு. வீட்ல சொல்லிட்டேன்னுதான் அண்ணன் எங்கிட்ட சொன்னார்."

அவள் பழம் உரித்த கையைச் சேலையில் துடைத்தாள். துடைக்க அதில் எதுவும் இல்லை.

மறுநாள் அவர் பேசுகிற நிலைக்கு வந்தார். அவள் கட்டிலருகே நின்றாள், உட்காரவில்லை.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா ஏணி ஏற விடமாட்டாங்க. ஸ்டோர் ரூம்ல உக்கார வச்சிருவாங்க."

"கம்பெனியைக் கேக்கலை. எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ தாங்கமாட்டே. அதுவும் அவ்வளவு ஆசையா கலக்கிக்கிட்டு வந்து நிப்பே. வேணாம்னா முகத்தைத் தூக்கி வச்சுக்குவே."

"ரெண்டு நாள் தூக்கி வச்சுக்குவேன். மூணாம் நாள் இறக்கி வச்சிருவேன். அதுக்காகக் குடிப்பீங்களா? எங்கையாலயே உங்களை..." அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மேல பரிதாபப்படவா, உங்களை அடிக்கவா, சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. வேணாமே என்று அவர் இழுத்த அந்த இரண்டு காலைகளும் அவளுக்கு மாறி மாறி ஞாபகம் வந்தன. ஏன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

உயிர் தப்பி வீடு திரும்பினார். ஸ்டோர் ரூம் வேலைதான் கிடைத்தது. கீரையைக் கொதிக்க வைத்துத் தண்ணீரை வடித்து, பழத்தில் எது ஆகும் எது ஆகாது என்று டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுச் சமைத்தாள். வீட்டில் பேச்சு குறைந்தது. "தலை வலிக்குதா?" என்பாள். "இல்ல" என்பார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரியில் படிக்கும் மகள் தனக்கென்று வாழைப்பழத்தையும் பாலையும் அரைத்தாள். சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்ததும் பெண் மிக்ஸியை நிறுத்தினாள்.

"நான் குடிக்கலாம்லம்மா?"

"குடி. உனக்கென்ன." சொல்லிவிட்டு அவள் நகரவில்லை. "உனக்கு ஒண்ணும் இல்லையே? எங்கிட்ட எதையும் மறைக்கலையே?"

"ஐயோ, இல்லம்மா."

"அவளுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் கூடத்திலிருந்து அவர்.

அதைக் கேட்டும் அவள் மகளின் கண்ணின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள், கன்னத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், பிறகும் அங்கேயே நின்றாள்.